யாருடைய பூட்டு?

பயணப் பெட்டி விற்கும் கடைகளில் சின்னதாக ஒரு எண் பூட்டு தொங்கும், பார்த்திருப்பீர்கள். முகப்பில் ஒரு சிவப்புச் சின்னம், அடியில் சாவி போட ஒரு துளை. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு எண் உண்டு, சாவி கிடையாது. சாவி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையிடம் இருக்கிறது. நாம் பக்கத்தில் இல்லாதபோது அவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டி வைப்பதற்காகவே செய்யப்பட்ட பூட்டு அது.

சிவகிரியில் இருக்கும் என் பெரியப்பா, அண்ணனைப் பார்க்க அமெரிக்கா கிளம்பியபோது இந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார். நாற்பது வருஷம் தமிழாசிரியராக இருந்தவர். "எண்ணு எங்கிட்ட, சாவி அவங்ககிட்டன்னா இதுக்கு எதுக்குடே நான் காசு குடுக்கணும்? அவங்கல்லா குடுக்கணும்" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தச் சாவிகளின் கதையும் சுவாரசியமானதுதான். 2014ஆம் ஆண்டு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் விமான நிலையப் பெட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. கூடவே அந்தப் பொதுச் சாவிகளின் புகைப்படத்தையும் போட்டுவிட்டது. படத்தை வைத்தே அளவெடுத்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் சாவி வார்க்கும் வரைபடங்கள் 2015லேயே இணையத்துக்கு வந்துவிட்டன. பூட்டு இன்றும் விற்பனையில் இருக்கிறது. யாரை உள்ளே விடக்கூடாது என்று நாம் பூட்டுகிறோமோ அவர்களில் யாரும் இப்போது திறக்கலாம். ஆனாலும் வாங்குகிறோம். வேறு பூட்டைப் போட்டால் உடைத்துவிட்டுப் போவார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு பூட்டும் உண்டு. அது நம் பொருளின் மேல் அவர்கள் போடுவது.

பெரியப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய். ஆறேழு வருஷமாக அச்சு எழுத்து படிக்க முடியவில்லை. கைபேசி வாசித்துக் காட்டும் குரலில் தினசரி கேட்கிறார். உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே கேட்பார். 'ழ' வரும் இடமெல்லாம் ஒரு 'ச்சே' விழும். அவர் பிறந்தநாளுக்கு ஒரு நாவலை மின்னூலாக வாங்கிக் கொடுத்தேன். அச்சுப் பிரதி எங்கும் கிடைக்காத நாவல். செயலியில் புத்தகம் திறந்தது, எழுத்தும் பெரிதானது, ஆனால் குரல் வரவில்லை. பக்கத்தை நகலெடுத்து வேறு செயலியில் ஒட்டலாமென்றால் சில வரிகளுக்கு மேல் விடவில்லை. திரையைப் படம் பிடித்தால் கறுப்பாக வந்தது. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். 'பதிப்புரிமையைப் பாதுகாக்கும் பொருட்டு' என்று பதில் வந்தது. கண் தெரியாத எழுபத்தெட்டு வயதுக்காரரிடமிருந்து பாதுகாக்கிறார்களாம்.

இது புதிய சண்டை இல்லை. 2009 பிப்ரவரியில் அமேசான் தன் இரண்டாவது கிண்டில் கருவியில் வாய்விட்டு வாசிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் உடனே எதிர்த்தது. ஒலிப்புத்தக உரிமை தனி, மின்னூலோடு அதைச் சும்மா கொடுக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அமேசான் பணிந்தது. எந்தப் புத்தகம் பேசலாம், எது வாயை மூட வேண்டும் என்று பதிப்பாளர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றது. அதே வருஷம் ஜூலையில் நடந்தது இன்னும் பிரபலம். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டின் சில பதிப்புகளை, உரிமை இல்லாதவர் விற்றுவிட்டார் என்பதற்காக, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் தொலைவிலிருந்து அழித்தது. பணம் திரும்பி வந்தது. ஆனால் பாடத்துக்காகக் குறிப்பெடுத்து வைத்திருந்த ஒரு மாணவருக்கு அந்தக் குறிப்புகள் எந்த வரியைப் பற்றியவை என்றே தெரியாமல் போனது. அவர் வழக்குப் போட்டார், நிறுவனம் 1,50,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையையே இழுத்து மூடியபோது வாங்கிய எல்லாப் புத்தகங்களும் மறைந்தன. அங்கேயும் பணம் வந்தது. பணம் வந்துவிடுகிறதே, அப்புறம் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரூபாய் நோட்டை வைத்துவிட்டுப் போகிறவனை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்?

'வாங்கு' என்று பொத்தானில் எழுதியிருக்கிறது. நான் வாங்கியது புத்தகமல்ல, அனுமதி. இரவல் நூல்கூட இல்லை. இரவல் வாங்கிய புத்தகத்தை நான் இன்னொருவருக்கு இரவல் கொடுத்திருக்கிறேன், எங்கள் ஊரில் அது சாதாரணம். சிவகிரியில் வெளிவட்டத்தில் சுற்றிய புத்தகங்களுக்குக் கணக்கே கிடையாது. ஜெயகாந்தன் தொகுப்பு ஒன்று எங்கள் தெருவில் ஐந்து வீடு போய், ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், அட்டை இல்லாமல் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் நான்கு பேர் கையெழுத்து. அந்தச் சுற்றில் ஜெயகாந்தனுக்கு ஒரு பைசா போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கள் தெருவில் அவருக்கு ஐந்து வாசகர்கள் கிடைத்ததும் அப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். ஆச்சரியமாக, இந்தியச் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இரண்டு விஷயங்களைச் சேர்த்தார்கள். ஒன்று, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவத்தில் எவரும் ஒரு நூலைப் பிரதி செய்யலாம், அது மீறலாகாது. இரண்டாவது, 65ஏ என்ற பிரிவு. மின் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் மட்டுமே. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வளவு தாராளமில்லை. பார்வையற்றோருக்கான மராக்கேஷ் ஒப்பந்தம் 2013இல் கையெழுத்தானபோதும், அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியாதான். 2014 ஜூன்.

ஆக, பெரியப்பாவுக்காக அந்தப் பூட்டை உடைக்க எனக்கு வழி இருக்கிறது. ஆனால் எப்படி உடைப்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த நண்பன் ஒருவன் பெங்களூருவில் இருக்கிறான். அதே 65ஏ பிரிவில் ஒரு வரி இருக்கிறது, அதைப் படித்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பு அடங்கவில்லை. இன்னொருவருக்காகப் பூட்டைத் திறக்க உதவுகிறவர், அந்த இன்னொருவரின் பெயர், முகவரி, அடையாள விவரங்கள், எதற்காக உதவினேன் என்ற காரணம், எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். "உங்க பெரியப்பா கதை கேக்கிறதுக்கு நான் லெட்ஜர் போடணுமா?" என்றான். உரிமை காகிதத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவன் மட்டும் சந்தேகக் கேஸ் மாதிரி பதிவாக வேண்டும்.

கடைசியில் தங்கச்சிதான் வழி கண்டுபிடித்தாள். தினமும் ராத்திரி ஒரு அத்தியாயத்தைத் தானே வாசித்து வாட்ஸப்பில் குரல் செய்தியாக அனுப்புகிறாள். 'ழ' அவளுக்கு நன்றாக வரும்.

பூட்டுப் போடுகிறவர்கள் எல்லாரும் அயோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. தமிழில் ஒரு நாவல் சில நூறு பிரதிகள்தான் அச்சாகிறது. வெளிவந்த வாரமே அதன் பிடிஎஃப் டெலிகிராம் குழுவில் சுற்றினால் எழுத்தாளருக்கு வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் நம்மை மாதிரி இலக்கியம் பேசுகிறவர்கள்தான், வேறு யாரோ அல்ல. என் பள்ளிக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டர் இல்லாத ஊர் கிடையாது. வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அதில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் போனது எவ்வளவு? சுழி. அந்த நியாயத்தை இளையராஜா கேட்டபோது, 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு அமெரிக்கக் கச்சேரிகளின் நடுவே நோட்டீஸ் போனபோது, ஊரே அவரைப் பேராசைக்காரர் என்றது. எனக்கு அன்றும் அவர் கேட்டதில் தவறு தெரியவில்லை. மேடையில் டிக்கெட் விற்றுப் பாடுகிறவரிடம் பங்கு கேட்பது வேறு. டிக்கெட் வாங்கி வந்தவன் வீட்டில் முணுமுணுப்பதைத் தடுப்பது வேறு.

என் புகார் வேறொன்று. பூட்டு திருடனைத் தொடுவதே இல்லை. டெலிகிராம் பிடிஎஃப்பில் பூட்டு கிடையாது, அதைக் கைபேசி வாசித்துக் காட்டும், நண்பனுக்கு அனுப்பலாம், யாரும் தொலைவிலிருந்து அழிக்க முடியாது. காசு கொடுத்தவனுக்குக் கிடைப்பது அதைவிட மட்டமான சரக்கு. நேர்மைக்கு இப்படியொரு அபராதம் எந்த வியாபாரத்தில் உண்டு?

பாட்டை யார் வைத்திருக்கலாம் என்ற கேள்வியைத் தமிழ்நாடு ஒருமுறை பெரிதாகவே கேட்டிருக்கிறது. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு, ஒலிபரப்பு உரிமை கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. அவர் முறைப்படி விலை கொடுத்து வாங்கியதுதான். 'நாம் இருவர்' படத்தில் அந்தப் பாடல்கள் வந்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது வழக்கு வந்தது. அப்போதுதான் ஜனங்களுக்கு உறைத்தது, பாரதி பாட்டுக்கு ஒரு முதலாளி இருக்கிறார் என்று. கிளர்ச்சி எழுந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் அரசு தொகை கொடுத்தது. 1955இல் எல்லாம் பொதுவுக்கு வந்தன. ஆ.இரா. வேங்கடாசலபதி இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பாரதி 1921லேயே இறந்துவிட்டார், பாட்டால் அவருக்கு வந்தது கொஞ்சம்தான் என்பதும் இந்தக் கதையில் சேர்த்திதான். ஆனால் கவனியுங்கள், அன்று செட்டியாரின் உரிமைகூட வீட்டுக்குள் பாடுகிறவரைத் தொடவில்லை. தொட வழியும் இல்லை. இப்போது வழி இருக்கிறது.

விமான நிலையத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குப் பேச்சு கொஞ்சம் தடுமாறுகிறது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்துக்காக வந்த பெட்டி ஒன்று மீனம்பாக்கத்தில் வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு வருஷம் ஜூனில் கனிஷ்கா விமானத்தில் 329 பேர். இரண்டிலும் வெடித்தது பயணி இல்லாமல் ஏற்ற வந்த பெட்டி. ஆகவே என் பெட்டியை ஏன் பார்க்கிறீர்கள் என்று வீராப்பாகக் கேட்க என்னால் முடியாது. புத்தகம் திருடு போனால் யாரும் சாகப்போவதில்லை. பெட்டி விஷயம் அப்படியில்லை.

ஆனாலும் பார்க்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. பெரியப்பா இடுப்பில் வெள்ளி அரைஞாண். விமானம் மாறிய ஊரில் கருவி கத்தியது. பாஷை தெரியாது. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் வேட்டியை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை, பெரியம்மாதான் சொன்னாள். "அதப் பத்திப் பேசாதங்க, செக்கிங்னா அப்படித்தான்" என்று முடித்துவிட்டார். அப்துல் கலாமை 2009 ஏப்ரலில் டெல்லியிலேயே ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தார் தடவிச் சோதித்தார்கள். 2011இல் நியூயார்க்கில், விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, காலணியையும் கோட்டையும் வாங்கிப் போய்ப் பார்த்தார்கள். இரண்டு முறையும் மன்னிப்பு வந்தது. 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பின் செயற்கைக் காலோடு ஆடிய சுதா சந்திரனை, ஒவ்வொரு பயணத்திலும் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று அவர் 2021இல் வீடியோ போட்ட பிறகு, மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. மன்னிப்பு பெயருக்குக் கிடைக்கிறது. பெயர் இல்லாதவர்களுக்கு 'செக்கிங்னா அப்படித்தான்'.

அதிலும் எது தேவை, எது சடங்கு என்று யாரும் சொல்வதில்லை. 2001 டிசம்பரில் ஒருவன் காலணியில் வெடிமருந்தோடு வந்தான். 2006 முதல் அமெரிக்காவில் எல்லாரும் காலணியைக் கழற்றினோம். 2025 ஜூலையில் ஒருநாள், இனி கழற்ற வேண்டாம் என்றார்கள். நம் ஊரில் இப்போது டிஜி யாத்ரா. முகத்தைக் கொடுத்தால் வரிசை சின்னது. விருப்பம் இருந்தால்தான் என்கிறார்கள். விருப்பம் இல்லாதவனுக்கு நீள வரிசை, கையில் கைக்குழந்தை. விருப்பத்தை இப்படியும் தயாரிக்கலாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு வித்தியாசம்தான் பெரிதாகத் தெரிகிறது. விமான நிலையச் சோதனை முடிகிறது. எவ்வளவு அவமானமானாலும் அந்தப் பக்கம் போனதும் பெல்டை மாட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். மின்னூல் பூட்டில் அந்தப் பக்கம் என்பதே கிடையாது. காசு கட்டி, வாங்கி, படித்து முடித்து, பத்து வருஷம் ஆன பிறகும் நான் இன்னும் வரிசையில்தான் நிற்கிறேன். 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது.

வேறு மாதிரி விற்கவே முடியாது என்றும் இல்லை. ஆப்பிள் 2009இல் பாட்டுகளின் பூட்டைக் கழற்றியது, பாட்டு விற்பனை செத்துவிடவில்லை. டார் என்ற அறிபுனைப் பதிப்பகம் 2012 முதல் பூட்டில்லாமல் மின்னூல் விற்கிறது. ஹாரி பாட்டர் மின்னூல்கள் வந்தபோது அவற்றில் பூட்டுக்குப் பதில் வாங்கியவரின் அடையாளத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் பொதிந்து விற்றார்கள். கசிந்தால் யாரிடமிருந்து என்று தெரியும், அதுவரை நம்புகிறோம் என்ற ஏற்பாடு. எனக்குத் தெரிந்த ஒரு சிறு பதிப்பாளரிடம் இதைச் சொன்னேன். அரைமணி நேரம் கேட்டார். அச்சுக்கூலி, காகித விலை, புத்தகக் கண்காட்சி அரங்கு வாடகை எல்லாம் சொன்னார். அடுத்து வரும் மூன்று புத்தகங்களில் ஒன்றை மட்டும் அப்படி விற்றுப் பார்க்கலாம் என்றிருக்கிறார், கவிதைத் தொகுப்பை. "அதத்தான் யாரும் திருட மாட்டாங்க" என்றார்.