தளபாட வரைபடமும் தச்சனின் கையும்

ஒரு பொருளின் அழகைப் போற்றுவோர் அதனைச் செய்தவனையும் நினைக்கக் கடமைப்பட்டவர்களா என்பது அழகியலுக்கு மட்டும் உரிய வினாவன்று, அறவியலுக்கும் உரியது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தளபாட வரைபட நூல்கள் இவ்வினாவை ஆராய நல்லதொரு களம்.

1754இல் தோமஸ் சிப்பண்டேல் இலண்டனில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே கனவானும் தளபாடத் தச்சனும் அருகருகே நிற்கின்றனர். 1762ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் 200 செப்புத்தகட்டுப் படங்கள் உள்ளன. நாற்காலிப் படங்கள் சிலவற்றில் ஒரு கால் ஒருவிதமாகவும் மறுகால் வேறுவிதமாகவும் இருக்கும். அவ்வாறொரு நாற்காலியை எவரும் செய்விக்கப் போவதில்லை; தெரிவு செய்வோனின் கண்ணுக்கென வரையப்பட்டது அது. அளவுகள் தரப்பட்டுள்ளன, கால் இருக்கையுடன் எவ்வாறு பொருந்துகிறது என்பது காட்டப்படவில்லை.

தச்சன் அறிந்ததை அவனுக்குக் கூறுவானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. முன்பணம் செலுத்தி நூலைப் பெற்ற முந்நூறுக்கு மேற்பட்டோரிற் பெரும்பாலோர் கைவினைஞரே. எனினும், அறிந்தவனுக்குக் கூறவேண்டாத அறிவு, அறியாத கனவானின் பார்வையில் இல்லாத அறிவாகிவிடுகிறது. 1755 ஏப்ரலில் சிப்பண்டேலின் பட்டறை தீப்பற்றியபோது 22 தொழிலாளரின் கருவிப் பெட்டிகள் அங்கிருந்தன என அக்காலச் செய்தி கூறும். எண்ணிக்கை உண்டு, பெயர்கள் இல்லை. அப்படங்கள் உருப்பெற்ற மகோகனி மரத்தை யமேக்காவிலும் ஹொண்டூராசுக் கரையிலும் வெட்டிய ஆபிரிக்க அடிமைகளோ எண்ணிக்கையாகக்கூட அங்கு இடம்பெறவில்லை.

வேறு வழியொன்றும் அக்காலத்திலேயே இருந்தது. பரிசு நகரத்து அந்திரே ஜாக்கோப் ரூபோ தச்சனின் மகன், தாமும் தச்சர். 1769 முதல் 1775 வரை பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் ஆதரவில் வெளிவந்த தமது தச்சுக்கலை நூலுக்குத் தாமே படம் வரைந்தார். வேலைமேசை, இழைப்புளி, பொளியும் கழுந்தும், மரத்தை இருவர் சேர்ந்து அறுக்கும் காட்சி ஆகிய யாவும் அங்கே உள.

ஆயினும் கையைக் காட்டுவதும் முற்றிலும் குற்றமற்றதன்று. பட்டறையில் ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் இருந்து மாணாக்கன் பெற்ற அறிவு, அச்சேறியபின் விலைகொடுக்க வல்ல எவருக்கும் உரியதாயிற்று. அவ்விலையைக் கொடுக்க எத்தனை தச்சரால் இயன்றிருக்கும்?

அவ்வாறிருந்தும், ரூபோவின் படத்தைக் கண்டவன் நாற்காலி தானே தோன்றியதென எண்ணமாட்டான். சிப்பண்டேலின் படம் அவ்வெண்ணத்திற்கு இடமளித்தது. இன்று அவர் பெயரால் வழங்கும் நாற்காலிகளுட் பெரும்பாலானவை அவருடைய பட்டறையில் ஆனவையல்ல. அந்நூலையும் அதன் பாணியையும் பின்பற்றி வேறு தச்சர் செய்தவை.