முப்பொருளும் மர வரைபடமும்

பேராக் மாநிலத்தில் தமிழ்ப்பள்ளிகள் பலவும் ரப்பர்த் தோட்டங்களில் தோன்றியவை. அங்கே முஸ்லிம் அல்லாத மாணவர்க்கு நன்னெறிக் கல்வியே பாடமாக இருப்பதால், சைவ சமயக் கல்வி பெரும்பாலும் கோயில்களையும் சங்கங்களையும் சார்ந்த சமய வகுப்புகளின் பொறுப்பாயிற்று. ஆயினும் அவ்வகுப்புக்கு வரும் மாணவர் பள்ளியில் பழகிய கருவிகளோடுதான் வருகின்றனர்; கல்வி அமைச்சு 2012இல் சில பள்ளிகளில் தொடங்கி 2014இல் நாடெங்கும் விரித்த 'ஐ-திங்க்' திட்டத்தின் எட்டுச் சிந்தனை வரைபடங்கள் அவற்றுள் அடங்கும். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளை, அதாவது இறை, உயிர், உயிரைப் பிணிக்கும் மலங்கள் ஆகியவற்றை வரையச் சொன்னால், எளிதில் கைக்கு வருவது மர வரைபடம். உச்சியில் இறைவன், கீழே கிளைகளாக உயிரும் மலமும் அமைய, பார்வைக்கு அது ஒழுங்காகவே இருக்கும். சைவ சித்தாந்தத்துக்கோ அது நேர்முரண்.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் நிறுவிய நெறிப்படி மூன்றும் அநாதி, அதாவது தோற்றமில்லாதவை. உயிரோ மலங்களுள் முதன்மையான ஆணவமோ இறைவனால் படைக்கப்பட்டதன்று. ஒன்றிலிருந்து மற்றவை பிரிவதாகக் காட்டும் வரைபடம், மாணவர் எண்ணியிராத வேறொரு கொள்கையை அவர் பெயரால் சொல்லிவிடுகிறது.

1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் வகுத்த கருத்து வரைபடம் இவ்விடத்தில் கூடுதல் நேர்மையுடையது. இரு கருத்துகளை இணைக்கும் கோட்டின்மேல் ஓர் இணைப்புச் சொல்லை எழுதி, மூன்றும் சேர்ந்து ஒரு முழுக்கூற்றாக வேண்டும் என்பது அதன் விதி. அதற்கெனப் பிறந்த 'சீமேப்டூல்ஸ்' மென்பொருள், அச்சொல் எழுதப்படும்வரை கோட்டின்மேல் வினாக்குறிகளையே காட்டிக்கொண்டிருக்கும். பதியையும் பசுவையும் இணைக்கும் கோட்டில் என்ன எழுதுவது என்பது இறைக்கும் உயிருக்கும் உள்ள பிரிவற்ற உறவாகிய அத்துவிதத்தைப் பற்றிய வினாவே அன்றி வேறன்று. கலப்பினால் உடலும் உயிரும்போல் ஒன்றாகவும், பொருள் தன்மையால் கண்ணும் கதிரவனும்போல் வேறாகவும், உயிர்க்குயிராய் நின்று செலுத்துவதால் கண்ணொளியும் உயிரறிவும்போல் உடனாகவும் இறைவன் நிற்கிறான் என்று சித்தாந்தம் விடை கூறுவதால், அங்கே ஒரு கோடு போதாது, மூன்று கோடுகள் வேண்டும். அப்போதும், தனித்தனிப் பெட்டிகளாக வரைந்ததனாலேயே இரண்டும் பிரிந்து நிற்பவை என்னும் மயக்கம் எஞ்சும். அதை ஆசிரியர் வாயால்தான் நீக்க வேண்டும், எந்த மென்பொருளாலும் இயலாது.

மர வரைபடத்தை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. உலகின் அடிப்படைக் கூறுகளாகிய 36 தத்துவங்கள், மலங்களுள் ஒன்றான மாயையினின்று படிப்படியாகத் தோன்றுபவையாதலால், அவற்றை வகுத்துக் காட்ட அது பொருத்தமானது. முப்பொருளுக்கு மட்டும் அதைச் சமய வகுப்புகள் கைவிடுவதே தகும்.