யாருடைய பங்கு?

நோன்பு மாதம் பிறந்துவிட்டால் ஒரு நாள் நான் கணக்கப்பிள்ளையாகிவிடுவேன். கதை எழுதுகிற மேஜையின்மேல் அன்று வங்கிப் புத்தகம் விரிந்து கிடக்கும். ஏறத்தாழ 600 கிராம் வெள்ளியின் மதிப்புக்குக் குறையாத பணம் ஓராண்டு கையில் தங்கியிருந்தால், அதில் 40-ல் ஒரு பங்கை ஜகாத்தாகக் கொடுத்துவிட வேண்டும். விரும்பினால் செய்கிற தர்மமல்ல இது. தொழுகையைப் போல, நோன்பைப் போல ஒரு கடமை. சென்ற ஆண்டு என் சேமிப்பு 4 லட்ச ரூபாய். கொடுக்க வேண்டியது 10,000.

அந்தத் தொகையைக் கண்டதும் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று. சரியாக அதே 10,000 ரூபாயை என்னிடம் கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தர வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார் ஒரு தையற்காரர். பள்ளியில் என்னோடு படித்தவர். மனைவியின் வைத்தியத்துக்காக வாங்கிய கடன் அது. வேறு இரண்டு இடங்களிலும் அவருக்குக் கடன் உண்டு. தெருவில் என்னைக் கண்டால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார். கடனைத் தள்ளிவிட்டேன் என்று சொல்லி, அதையே ஜகாத்தாக எழுதிக்கொண்டால் அவருக்கும் நிம்மதி. என் கடமையும் தீர்ந்தது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஒரே ஒரு சந்தேகம். அவருக்குச் சொந்தமாக ஒரு சிறு வீடு இருக்கிறது. வெளுத்த சட்டை இல்லாமல் வெளியே வரமாட்டார். அவரை ஏழை என்று சொல்லலாமா? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கப் போனேன்.

"குடியிருக்கிற வீட்டையும் பிழைப்புக்கு வைத்திருக்கிற தையல் மிஷினையும் சொத்தில் சேர்க்கமாட்டார்கள் தம்பி" என்றார் அவர்.

யாருக்குக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவனின் இரக்கத்துக்கு விட்டுவிடவில்லை குர்ஆன். அதன் 9-ஆம் அத்தியாயம் 60-ஆம் வசனம் 8 வகையினரைச் சொல்கிறது: ஏழைகள், வறியவர்கள், ஜகாத்தைத் திரட்டிப் பங்கிடும் ஊழியர்கள், உள்ளம் இணக்கப்பட வேண்டியவர்கள், விடுதலை பெற வேண்டிய அடிமைகள், கடனில் மூழ்கியவர்கள், இறைவனின் பாதையில் உழைப்பவர்கள், ஊர்விட்டு ஊர் வந்து கைப்பொருள் இழந்த வழிப்போக்கர்கள். உண்மையான வறியவன் வீடு வீடாகச் சென்று ஓரிரு கவளம் கேட்பவனல்லன். தேவையிருந்தும் கேட்காதவன், பிறர் கண்ணுக்கும் தெரியாதவன் என்பது நபிகள் நாயகத்தின் விளக்கம்.

என் சிநேகிதர் இரண்டு வகையில் உரியவராகிவிட்டார். நான் உற்சாகத்தோடு என் ஏற்பாட்டைச் சொன்னேன். ஹஜ்ரத் சிறிது நேரம் பேசவில்லை.

"அந்தப் பணம் திரும்பி வருமென்று நம்பிக்கை இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால், போன பணத்தைக் காட்டி இருக்கிற பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறீர்கள்!"

என் முகம் சுருங்கியதைப் பார்த்து அவர் விளக்கினார். பெற்றோருக்கும் பெற்ற பிள்ளைக்கும் ஜகாத் கொடுக்கக் கூடாது. அவர்களைக் காப்பாற்றுவது ஏற்கெனவே நம் பொறுப்பு, கொடுத்தால் நம் செலவை நாமே மிச்சம்பிடித்ததாகும். கடனைத் தள்ளி ஜகாத் என்பதும் அதே மாதிரிதான். கூடும் என்று சொன்ன அறிஞர் சிலர் உண்டு; பெரும்பாலோர் ஒப்பவில்லை. கஷ்டப்படுகிறவனுக்குத் தவணை கொடுப்பதும் கடனைத் தள்ளுவதும் குர்ஆன் புகழ்கிற நற்செயல்கள். ஆனால் அது வேறு கணக்கு. "பணத்தை அவர் கையில் கொடுங்கள். அவராக உங்கள் கடனை அடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். அடைக்க வேண்டும் என்று நிபந்தனை மட்டும் போடாதீர்கள்."

மறுநாள் உறையில் வைத்துக் கொடுத்தேன். ஜகாத் என்று சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும் என்ற விதியும் இல்லை. ஒரு வாரம் கழித்து, அந்தப் பணத்தில் மருந்துக் கடைப் பாக்கியையும் மற்றொருவர் கடனையும் அவர் தீர்த்துவிட்டார் என்று காதில் விழுந்தது. என் நெஞ்சில் சுருக்கென்றது. முதலில் எனக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றிய அந்தக் கணத்தில்தான் ஹஜ்ரத்தின் எச்சரிக்கை எனக்கு விளங்கிற்று. வாயால் நிபந்தனை போடாத நான் மனத்தால் போட்டிருந்தேன். செல்வத்தில் இல்லாதவனுக்கு உரிமையுண்டு என்கிறது குர்ஆன். அப்படியானால் அந்த 10,000 என் கையில் இருந்தபோதே அவருடைய பங்கு. அவருடைய பணத்தை அவர் எங்கே செலவிட வேண்டும் என்று சொல்ல நான் யார்?

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய சங்கடம் என்று நான் நினைக்கவில்லை. கிழிந்த புடவையை வேலைக்காரிக்குக் கொடுக்கிறோம். மீந்த சோற்றை வாசலில் நிற்பவனுக்குப் போடுகிறோம். வராத கடனை மன்னிக்கிறோம். நமக்கு இனி உதவாது என்று தெரிந்த பிறகுதான் பெரும்பாலும் நம் தர்ம சிந்தனை விழித்துக்கொள்கிறது. கொடுத்தபின் வாங்கினவனின் பணிவையும் எதிர்பார்க்கிறோம். வாங்கத் தகுதியுள்ளவர் யார் என்று ஆராயப் போன எனக்கு, கொடுக்க நான் தகுதியுள்ளவனா என்ற கேள்விதான் மிஞ்சிற்று.

என் பழைய கடனைப் பிறகு தள்ளிவிட்டேன். அதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. இப்போது அவர் சந்துக்குள் திரும்புவதில்லை. நின்று பேசுகிறார். அப்போதெல்லாம் கொடுத்ததை நினைவில் வைத்துக்கொள்ளாமல் பேசுவது எப்படி என்று நான்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.