மண்சுவர் யாருக்கு?

சிறு நிலத்தில் மண்ணால் வீடு கட்டிக் குடியிருப்பதே மேலென்று இன்று கற்றவர் பலர் சொல்லுகிறார்கள். சொல்வதில் பிழையில்லை; யாருக்குச் சொல்லுகிறார்கள் என்பதே கேள்வி. மண்சுவருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஏழைக் குடியானவன், கடன்பட்டாவது ஒரு காரைவீடு கட்ட ஆசைப்படுகிறான். அவனிடம் போய் மண்ணின் மகிமையைப் பேசுவது நியாயமா?

அவன் ஆசை வீண் பெருமையன்று. மண்வீட்டுக்குப் பணம் கொஞ்சம், பாடு அதிகம். அடியில் கல் அஸ்திவாரம் வேண்டும். கூரை அகல இறங்கவேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஐப்பசி மழை சுவரின் அடியை அரித்துவிடும். வருஷந்தோறும் பூசி மெழுகவும் வேண்டும். மெழுகுகிற கை யாருடையது? பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. மண்வீட்டைப் புகழும் ஆடவர் இதை நினைப்பதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் அங்கேயே காலமான லாரி பேக்கர் என்னும் கட்டட நிபுணரை இங்கே சொல்லவேண்டும். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களாலேயே வீடு கட்டவேண்டுமென்று காந்தியடிகள் சொன்னதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. பூந்துறை மீனவருக்கு வீடு கட்டியபோதும் சிக்கனம்தான். தமக்குக் கட்டியபோதும் சிக்கனம்தான். பிரித்த பழைய வீடுகளின் மரங்களைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் ஓரத்தில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையை அவர் பரப்பினார். இதனால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். வீட்டுக்குள் வெப்பமும் குறைவு. வெளிப்பூச்சும் அவசியமில்லை, ஆகவே வருஷந்தோறும் மெழுகும் வேலையும் இல்லை.