எல்லாம் நார்மல்

எங்கள் ஊர் கிளினிக்கில் சாயங்காலம் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களில் காய்ச்சல், இருமல்காரர்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுகிறவர்களில் சில முகங்கள் மாதம் தவறாமல் வருபவை. பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய பெண்கள். தலைசுற்றல், படபடப்பு, நெஞ்செரிச்சல், கை கால் குடைச்சல், படுத்தால் தூக்கமில்லை. கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஈசிஜி, தைராய்டு ரிப்போர்ட், வயிற்று ஸ்கேன். எல்லாவற்றிலும் நார்மல்.

அதைக் கேட்டு அவர்கள் முகம் மலர்வதில்லை. கூட வந்த கணவர்தான், "பாத்தியா, ஒனக்கு ஒண்ணுமில்லைன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று எழுந்துவிடுவார்.

ஒன்றுமில்லாமல் இல்லை. 2005-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 42 தம்பதிகளின் கையில் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, அவை ஆறுவதைக் கவனித்தார்கள். மனத்தாங்கலான விஷயத்தைப் பேசவிட்டபோது, ஆதரவாகப் பேசிக்கொண்ட தடவையைவிடப் புண் ஆறத் தாமதமானது. எப்போதுமே எரிந்து விழும் தம்பதிகளுக்கு, மற்றவர்களுடைய வேகத்தில் 60 சதவீதம்தான். வீட்டுச் சண்டை தோல்வரைக்கும் வந்து சேர்கிறது. 'சும்மா நடிக்கிறா' என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, ஏன் டாக்டரிடம்? வேறெங்கே போவது? பிறந்த வீட்டுக்குப் போனால் பஞ்சாயத்து. பக்கத்து வீட்டில் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். உடம்பு சரியில்லை என்று கிளம்பினால் மட்டும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சில தம்பதிகள் ஒரே வண்டியில் சேர்ந்து போவதே கிளினிக்குக்குத்தான். "என்ன கவலை உனக்கு" என்று ஒரு நாளும் கேட்டிராத மனுஷன், ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் முணுமுணுக்காமல் எடுத்துக் கொடுப்பார். அதை அக்கறை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போதாது என்று சொல்வேன்.

லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலிண்டும் மனைவி எனிடும் 1950-களில் குடும்ப டாக்டர்களைக் கூட்டி உட்காரவைத்து, இப்படி வருகிறவர்களைப் பற்றியே பேசவைத்தார்கள். எனிட் அதற்கு முன்பே கணவன் மனைவிச் சிக்கல்களில் வேலை செய்தவர். டாக்டர் எழுதித் தரும் மருந்துகளைவிட அடிக்கடி பயன்படும் மருந்து டாக்டரேதான் என்பது 1957-இல் வந்த பாலிண்டின் புத்தகத்தின் சாரம்.

எங்கள் பழைய டாக்டர் பாலிண்டைப் படித்திருப்பாரா, தெரியாது. ஆனால் கணவரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, பிபி பட்டையைச் சுற்றிக்கொண்டே, "வீட்ல என்னம்மா நடக்குது?" என்பார். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும் காயத்தை நம்பாமல், 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சீட்டில் எழுதாமல் வாயால் சொல்லி மனப்பாடம் செய்யவைப்பார். சீட்டு வீட்டுக்குப் போகுமே.

இப்போது நெஞ்செரிச்சலுக்கு ஒருவர், படபடப்புக்கு ஒருவர், தலைசுற்றலுக்கு ஒருவர் என்று நேரே ஸ்பெஷலிஸ்டிடம் போகிறோம். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் கொழுந்தனாருடைய கடனுக்குக் கணவர் ஜாமீன் போட்ட மாதத்தில்தான் அந்த அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் ஆரம்பித்தது என்பது எண்டோஸ்கோப்பியில் தெரியாது.