இணைய யுகத்தில் இடமும் பொறுப்பும்

நகர வாழ்வா, நாட்டுப்புற வாழ்வா என்னும் வினா புதியதன்று. கல்வியும் தொழிலும் நகரத்தில் இருந்தன. உறவும் ஓய்வும் கிராமத்தில் இருந்தன. ஒன்றை வேண்டியோர் மற்றொன்றை இழக்க வேண்டியிருந்தது. இணையத்தின் வரவு இந்த இக்கட்டைத் தீர்த்துவிட்டது என்பது இன்று பலர் கூறும் கருத்து. பேசாலையிலோ வங்காலையிலோ இருந்துகொண்டே கொழும்பு நிறுவனமொன்றிற் பணிபுரியலாம். ஆகவே இடம் இனி ஒரு பொருட்டன்று என்பர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டது தமிழ் இலக்கண மரபு. அம்முதற்பொருளை இணையம் உண்மையிலேயே பயனற்றதாக்கிவிட்டதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு மன்னார்த் தீவு ஏற்ற களமாகும். இன்று தலைநகரில் வாழ்வோர் பலர் அதனை நாட்டின் ஒரு மூலை என்றே எண்ணுவர். ஆயின் அது என்றும் மூலையாக இருந்ததில்லை. தீவின் எதிரே பெருநிலத்தில் அமைந்த மாதோட்டம், பண்டைக் காலத்தில் இந்துமாகடல் வாணிகர் நாடிவந்த துறைமுகம். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின், கொழும்பிலிருந்து புகைவண்டியில் இந்தியா செல்வோர் மன்னார் வழியாகவே சென்றனர். 1964 திசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துடன் தொடர்ந்த கப்பற் சேவையும் 1984 இல் நின்றது. 1990 இல் புகைவண்டியும் நின்றது. 2015 இலேயே அது மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது, பாதைகளே மாறின. எனவே ஒதுக்குப்புறம் என்பது நிலத்தின் இயல்பன்று. பாதைகளால் உண்டாக்கப்படும் நிலை என்பது பெறப்படும்.

தொலைத்தொடர்பும் இத்தகையதொரு பாதையே. அதன் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. 1997 முதல் 2001 வரையான காலத்திற் கேரளக் கடற்கரைக்குக் கைத்தொலைபேசி வந்தது. அதன் விளைவுகளைப் பற்றிய தமது ஆய்வைப் பொருளியலாளர் ரொபேட் ஜென்சன் 2007 இல் வெளியிட்டார். கடலில் இருந்தபடியே பல துறைகளின் விலையை மீனவர் கேட்டறிந்தனர். வாங்குவாரின்றி மீன் வீணாவது ஏறத்தாழ ஒழிந்தது. மீனவரின் இலாபம் 8 சதவீதம் உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. செய்தி கைக்கெட்டியதும் உழைப்பவனது பேரம் பேசும் வலிமை உயர்ந்தது. மன்னார்க் கரையில் வலை இழுப்போருக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

ஆயின் செய்தி வேறு, வாழ்வின் பொருள்கள் வேறு. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடையாமற் படகுகள் கரையிற் கிடந்தன. கையில் தொலைபேசி இருந்தது, எரிபொருள் இல்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதம் தொடக்கம் மன்னாரிலிருந்தும் பிற வடபுலக் கரைகளிலிருந்தும் சிலர் குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடிக் கரையை அடைந்தனர். அவர்களது இக்கட்டை உலகம் அன்றே படமாகக் கண்டது. எனினும் படம் பார்த்தவர் எவரும் அப்படகில் இருக்கவில்லை. சொல்லையும் உருவையும் இணையம் சுமக்கும். அரிசியையும் மருத்துவரின் கையையும் அது சுமக்காது.

இன்னொன்றும் நோக்கற்பாலது. 2020 திசெம்பரில் மன்னார்த் தீவில் 'தம்பபவனி' காற்றாலைத் தொகுதி திறக்கப்பட்டது. அதன் 30 காற்றாலைகளும் 103.5 மெகாவாற்று மின்வலு கொண்டவை. அம்மின்சாரம் தேசிய மின்வலையமைப்பிற் கலந்து நாடெங்கும் செல்கின்றது. மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து 2025 இல் மன்னார் மக்கள் நாட்கணக்கிற் போராடினர். மழைநீர் வடியும் வழி அடைபடுகின்றது, கடற்றொழில் பாதிக்கப்படுகின்றது என்பன அவர்களது முறைப்பாடுகள். அம்முறைப்பாடுகளின் அளவை அறிவியலார் ஆராய்க. ஆயின் வழக்கின் இயல்பு தெளிவானது. மின்சாரத்தின் பயன் எங்கும் பரவும். அதன் சுமை ஓரிடத்தில் தங்கும். இடமற்றது போலத் தோன்றும் இணைய வாழ்வும் யாரோ ஒருவரது முற்றத்தில் ஊன்றப்பட்ட தூணின்மீதே நிற்கின்றது.

இனித் தெரிவு என்னும் சொல்லை நோக்குவோம். இடத்தைத் தெரிவு செய்தல் யாவர்க்கும் வாய்ப்பதன்று. கணக்காளரின் தொழில் கம்பி வழியே ஊர்மாறும். கரைவலை இழுப்பவரின் தொழில் மாறாது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் மக்கள் எதனையும் தெரிவு செய்யவில்லை. அவர்களிற் பலர் புத்தளத்திற் குடியேறினர். அங்கேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. திரும்பி வருதலும் அங்கேயே இருத்தலும் ஆகிய இரண்டுமே இழப்புடையனவாக அவர்கள்முன் நின்றன. போகவும் இருக்கவும் மீளவும் இயலுமாயின் மாத்திரமே அதனைத் தெரிவு என்றல் பொருந்தும்.

அங்ஙனமாயின் ஊரைவிட்டுச் செல்வோர் குற்றவாளிகளா? அல்லர். கிராமம் எல்லோர்க்கும் தாய்மடியன்று. சாதியின் அளவுகோலும் அயலாரின் ஓயாத கண்காணிப்பும் பலரை, சிறப்பாகப் பெண்களை, நெருக்கியுள்ளன. முன்பின் அறியாதார் நடுவே வாழும் நகரத்தில் அவர்கள் மூச்சுவிட இடங்கண்டனர். கிராமத்தைப் போற்றுவோர் இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

எனவே எவ்விடம் சிறந்தது என்பது சரியான வினாவன்று. நான் உண்ணும் மீனுக்கும் எரிக்கும் விளக்குக்கும் எவ்விடம் சுமை தாங்குகின்றது, அவ்விடத்துக்கு நான் செய்வது யாது என்பதே வினா. கிராமத்தில் இருந்தும் திரையினுள் மாத்திரமே வாழ்பவன் அவ்வூரில் வாழ்ந்தவன் ஆகான். அயலானின் கிணறு உவரானதை அறியாதவனுக்கு அது வெறும் முகவரியே. கொழும்பில் வாழ்ந்தும் தன் ஊர்ப் பாடசாலைக்கு ஆசிரியர் கிடைக்கவும், வைத்தியசாலைக்கு மருத்துவர் கிடைக்கவும் குரல் கொடுப்பவன் அவ்வூருக்குரியவனே. எனினும் குரல் கொடுத்தல் ஒன்று, கூட்டத்தில் நேரில் அமர்ந்திருத்தல் வேறொன்று. கற்றவர் அனைவரும் தூரத்திலிருந்தே அன்பு செலுத்துவாராயின், நிலம் பற்றிய தீர்ப்புக்கள் அந்நிலத்தில் வாழாதோராலேயே எழுதப்படும்.

உயர்கல்விக்காக யாழ்ப்பாணம், வவுனியா, பேராதனை, கொழும்பு எனப் பிரிந்து செல்லும் மன்னார் மாணவருக்கு இணையம் ஒரு புதிய வாய்ப்பைத் தந்துள்ளது. முன்னர்ப் பட்டம் பெற்றபின் ஊர் திரும்புதல் பலருக்கு முன்னேற்றத்தைத் துறத்தலாகவே இருந்தது. இன்று சிலருக்கேனும் அவ்வாறன்று. அச்சிலர் தமக்குக் கிடைத்த தெரிவைத் தமக்கு மாத்திரம் உரியதாகக் கொள்வரோ, தெரிவற்றோர்க்கும் அதனை உண்டாக்க முயல்வரோ என்பதைப் பொறுத்தே இணையம் கிராமத்தை வாழவைத்ததா, வெறும் காட்சியாக்கியதா என்பது தீர்மானிக்கப்படும்.