குளவியும் சீவகாருணியமும்

சைவ உபாத்தியாயர்களே! குளவி புழுவைத் தன்வண்ணமாக்கும் என்னும் உவமையால், குருவருள் மாணாக்கனைச் சிவவண்ணமாக்குமாற்றை நாம் பள்ளியில் விளக்கி வருகின்றோம். ஆயின், டிக்கோயாவின் தேயிலைமலைகளிலே குளவி உவமை மாத்திரமன்று. கொழுந்து பறிக்குந் தாய்மார் அதனாற் கொட்டுண்டு வைத்தியசாலை புகுதலும், சிலர் உயிர்துறத்தலும் அம்மலைநாட்டில் நிகழ்வன. இத்தகைய பிராணியிடத்துங் காருணியம் வேண்டுமோ என மாணாக்கன் வினாவின், நாம் யாது விடை கூறுவது?

பூச்சிகளால் நமக்குப் பயனுண்டு; ஆதலாற் கொல்லலாகாது என்பர் ஒருசாரார். அவர் காட்டுஞ் சான்று மெய்யே. நம் உடம்பில் உண்டாகும் பிறபொருளெதிரிகள் பூச்சிகளுக்கில்லை. எனினும் அவை நோய்க்கிருமிகளிடையே வாழ்கின்றன. 1981ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்து ஹான்ஸ் போமன் என்பவரும் அவரோடு ஆராய்ந்தோரும், செக்ரோப்பியா என்னும் பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிற் பற்றீரியாக்களைச் செலுத்தி, அதன் குருதியில் எழுந்த செக்ரோப்பின் என்னுஞ் சிறுபுரதங்களை வெளிப்படுத்தினர். அவை பற்றீரியாவின் மென்சவ்வைச் சிதைத்து அதனை அழிப்பன. குளவியின் நஞ்சிலுள்ள மஸ்டோபரான் என்பதும் அத்தொழிலுடையதே. ஆயின் அது நம் செங்குருதியணுக்களையுஞ் சிதைக்குமாதலின், அதனைத் திருத்தி மருந்தாக்க அறிஞர் முயல்கின்றனர். கொட்டிய நஞ்சே மருந்தென ஒருவரும் மயங்கற்க.

இனி, இப்பயனாற் சீவகாருணியம் நிலைபெறுமோவெனின், நிலைபெறாது. என்னை? பயன் கருதிய அன்பு பயன் ஒழிந்தவிடத்து ஒழியும். செக்ரோப்பினை ஆய்வுசாலையிலேயே ஆக்கும் வழி அறியப்பட்டபின், அந்துப்பூச்சியைக் காத்தற்கு அவர் கூறுங் காரணம் யாது? அது வாணிகர் கணக்கேயன்றி அறமன்று. நஞ்சும் மருந்தும் உடம்பிற்குரியன. அவ்வுடம்பில் நிற்பதோ, நம்மைப்போலவே வினைக்கீடாக இறைவன் கொடுத்த தநுவைப் பெற்ற ஓர் ஆன்மா. அவ்வான்மாவின்பொருட்டே இரங்குதல் வேண்டும்.

அற்றேல், கொட்டுண்ணுந் தொழிலாளரை யார் காப்பாரெனின், அதுவுங் காருணியத்தின்பாலதே. கொழுந்தெடுக்குமுன் மலையைச் சோதித்துக் கூடுள்ள இடத்தை விலக்குதலும், கொட்டுண்டாரை விரைந்து வைத்தியரிடஞ் சேர்த்தலும் நம் கடன். வேறு வழியில்லாதவிடத்துக் கூட்டை அகற்றுதலுந் தகும். அதனை இரக்கத்தோடு செய்க, களிப்போடு செய்யற்க. விளையாட்டாகக் கல்லெறிந்து கூட்டைக் கலைத்தலோ பாவம். அதன் பயனை அனுபவிப்பவள் அம்மலையில் ஏறும் ஏழைத் தாய்.

குளவிக்கு இரங்கெனப் போதித்து, அத்தாய்க்கு இரங்காதிருப்போமாயின், நம் போதனை வாய்ச்சொல்லேயாம். இரண்டிரக்கமும் ஒன்றேயென மாணாக்கர் உணருமாறு போதிப்போமாக.